முக்குளிப்பான் சோதனை: மிதப்பு விசையும் வாயு அழுத்தமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நிறையத் தண்ணீர். உள்ளே கொஞ்சம் காற்றும் கொஞ்சம் நீருமாக ஒரு சிறிய குழாய் மிதக்கிறது. பாட்டிலை அமுக்கினால் குழாய் மூழ்கும், கையை எடுத்தால் மேலே வரும். கார்ட்டீசியன் டைவர் என்பது இதன் பெயர். இங்கே முக்குளிப்பான் என்றே சொல்கிறேன். இதை வகுப்பில் நடத்தப்போகும் ஆசிரியர்களும், வீட்டில் பிள்ளைகளோடு செய்துபார்க்கும் பெற்றோரும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

என்னென்ன பொருள்கள் வேண்டும்?

மூடியை இறுக்கமாக மூடக்கூடிய 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று. சுவர் மெல்லியதாகவும் ஒளி ஊடுருவுவதாகவும் இருக்கட்டும். முக்குளிப்பானுக்குக் கண்ணாடி இங்க் ஃபில்லர்தான் என் முதல் தேர்வு. உள்ளே நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும்; இந்தச் சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் பேனா மூடியும் களிமண்ணும் போதும். அல்லது ஒளி ஊடுருவும் ஸ்ட்ராவில் ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் ஜெம் கிளிப் மாட்டிக்கொள்ளலாம்.

பேனா மூடியில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பல மூடிகளின் நுனியில் சிறு துளை இருக்கும். குழந்தை தவறி விழுங்கினாலும் மூச்சு போகட்டும் என்று வைத்த துளை அது. அதைக் களிமண்ணால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றெல்லாம் வெளியேறிவிடும். அடுத்து, எடைக்காக வாய்ப்பக்கம் ஒட்டும் களிமண் விளிம்பைச் சுற்றி மட்டுமே இருக்க வேண்டும், வாயை மூடிவிடக் கூடாது. வாய் அடைந்தால் நீர் உள்ளே போக வழியில்லை, எவ்வளவு அமுக்கினாலும் மூடி மிதந்துகொண்டுதான் இருக்கும்.

முக்குளிப்பானை எப்படிச் சரிசெய்வது? எங்களுடையது ஒன்று மூழ்கியே கிடக்கிறது, இல்லை மிதந்தே கிடக்கிறது.

பாட்டிலுக்குள் போட்ட பிறகு சரிசெய்யப் பார்க்காதீர்கள். முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். ஃபில்லரின் ரப்பரை மெல்ல அழுத்தி விட்டால் கொஞ்சம் நீர் உள்ளே ஏறும். ரப்பர் முனை மட்டும் நீருக்கு மேல் லேசாகத் தெரியும் நிலையில் நிறுத்துங்கள். அதிகமாக ஏறி மூழ்கிவிட்டால் இரண்டு சொட்டு வெளியேற்றுங்கள். பிறகு வாய் கீழ்நோக்கியே இருக்குமாறு பாட்டிலுக்குள் இறக்கி, பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள்.

இந்த வேலையை மாணவர்களிடமே விடுங்கள். ஒரு சொட்டு கூடினால் மூழ்குகிறது, ஒரு சொட்டு குறைந்தால் மிதக்கிறது என்பதை அவர்கள் விரல்களே கற்றுக்கொள்ளும். ஆசிரியர் எல்லாவற்றையும் தயார்செய்து கொண்டுவந்து அமுக்க மட்டும் சொன்னால் பாதிப் பாடம் போய்விடும்.

அமுக்கினால் ஏன் மூழ்குகிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மூன்று படிகள். பாட்டிலை அமுக்கும்போது கூடும் அழுத்தம் நீர் முழுவதும் ஒரே அளவில் பரவுகிறது: பாஸ்கல் விதி. அந்த அழுத்தம் குழாய்க்குள் இருக்கும் காற்றை நெருக்குகிறது; காற்றின் பருமன் குறைகிறது: பாயில் விதி. காற்று விட்ட இடத்தில் நீர் ஏறுவதால் முக்குளிப்பான் இடம்பெயர்க்கும் நீரின் அளவு குறைந்து, மிதப்பு விசையும் குறைகிறது: ஆர்க்கிமிடீஸ் தத்துவம். மிதப்பு விசை எடையைவிடக் குறைந்ததும் மூழ்குகிறது.

காற்று இப்படிச் சுருங்கும்போது நீர் ஏன் சுருங்குவதில்லை என்றும் கேட்பார்கள். நீரும் சுருங்கும், ஆனால் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகக் கொடுத்தாலும் அதன் பருமன் குறைவது லட்சத்தில் ஏறத்தாழ 5 பங்குதான். அதே அழுத்தத்தில் காற்று பாதியாகிவிடும்.

கையால் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம்? கணக்காகக் காட்ட முடியுமா?

முடியும், எண்களைச் சுலபமாக எடுத்துக்கொள்வோம். முக்குளிப்பானின் நிறை 5 கிராம். அது முழுக்கக் கண்ணாடி என்று வைத்தால், அடர்த்தி 2.5 என்பதால், கண்ணாடியின் பருமன் 2 கன செ.மீ. 5 கிராம் மிதக்க 5 கன செ.மீ. நீரை இடம்பெயர்க்க வேண்டும். கண்ணாடி 2 தந்துவிடுகிறது, மீதி 3 கன செ.மீ. காற்று தர வேண்டும். ஆக, காற்றின் பருமன் 3-க்கு மேல் இருந்தால் மிதக்கும், கீழே போனால் மூழ்கும்.

ஆரம்பத்தில் காற்று 3.2 கன செ.மீ. இருக்கட்டும். வளிமண்டல அழுத்தம் 101.3 கிலோ பாஸ்கல். 3.2-ஐ 3.0 ஆக்க அழுத்தம் 3.2/3.0 மடங்கு, அதாவது ஏறக்குறைய 108 கிலோ பாஸ்கல் ஆக வேண்டும். கை கொடுக்க வேண்டிய கூடுதல் 7 கிலோ பாஸ்கலுக்கும் சற்றுக் குறைவு. 69 செ.மீ. உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம் அவ்வளவுதான். சிறு குழந்தையும் இதைச் செய்துவிடலாம்.

"கை அமுக்குவதுதான் அதைக் கீழே தள்ளுகிறது" என்று மாணவர்கள் சொல்கிறார்கள். எப்படித் திருத்துவது?

திருத்தாதீர்கள், சோதிக்கச் சொல்லுங்கள். பாட்டிலின் மேற்பகுதியை அமுக்கட்டும், பிறகு அடிப்பகுதியை அமுக்கட்டும். தள்ளுவதுதான் காரணம் என்றால் அடியில் அமுக்கும்போது முக்குளிப்பான் மேலே போக வேண்டும். ஆனால் எங்கே அமுக்கினாலும் மூழ்குகிறது.

இதைவிட வலுவான சாட்சி ஒரு மெழுகுத் துண்டு. முக்குளிப்பானோடு அதையும் பாட்டிலுக்குள் போட்டுவிடுங்கள். எவ்வளவு அமுக்கினாலும் மெழுகு மேலேயே நிற்கும். இரண்டுக்கும் ஒரே நீர், ஒரே அழுத்தம். வித்தியாசம் ஒன்றுதான்: முக்குளிப்பானில் சுருங்கக்கூடிய காற்று இருக்கிறது, மெழுகில் இல்லை. பெரும்பாலான செய்முறைக் குறிப்புகளில் மெழுகுத் துண்டு இடம்பெறுவதே இல்லை. என்னைக் கேட்டால் அது இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லையென்றால் மாணவர் கண்ணுக்கு அது வெறும் வேடிக்கைதான்.

நீர் உள்ளே ஏறுவதால் எடை கூடி மூழ்குகிறதா, மிதப்பு விசை குறைந்து மூழ்குகிறதா? பாடநூல்கள் இரண்டு விதமாகவும் சொல்கின்றனவே?

இரண்டும் சரி. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் சொன்னால் தவறு. ஆசிரியர்களையே தடுமாற வைக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எதைப் "பொருள்" என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கணக்கு. முதல் வழியில் பொருள் என்பது கண்ணாடியும் உள்ளே அடைபட்ட காற்றும். உள்ளே ஏறிய நீர் சுற்றியுள்ள நீரோடு சேர்ந்தது. எடை மாறவில்லை, எப்போதும் 5 கிராம்தான். காற்று 3.2-இலிருந்து 2.8 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க அமிழ்ந்த நிலையில் இடம்பெயரும் நீர் முன்பு 5.2 கிராம், இப்போது 4.8. முன்பு 0.2 கிராம் அளவுக்கு மேல்நோக்கி, இப்போது 0.2 அளவுக்குக் கீழ்நோக்கி.

இரண்டாம் வழியில் குழாயின் வெளிச்சுவருக்குள் இருக்கும் எல்லாமே பொருள், உள்ளே இருக்கும் நீர் உட்பட. குழாயின் உள்கொள்ளளவு 4 கன செ.மீ. என்றால் மொத்தப் பருமன் 6, அது மாறுவதில்லை. எனவே மிதப்பு விசையும் மாறாது, 6 கிராம் நீரின் எடை. மாறுவது நிறை. முன்பு உள்ளே நீர் 0.8 கிராம், கண்ணாடியோடு 5.8. அமுக்கிய பிறகு நீர் 1.2, மொத்தம் 6.2. மீண்டும் முன்பு 0.2 மேல்நோக்கி, இப்போது 0.2 கீழ்நோக்கி. விடை ஒன்றே.

"எடையும் கூடியது, மிதப்பு விசையும் குறைந்தது" என்று எழுதும் மாணவர் 6.2-இலிருந்து 4.8-ஐக் கழித்து 1.4 என்பார். ஒரே நீரை இரண்டு முறை எண்ணிவிட்டார்.

சின்ன வகுப்புகளுக்கு முதல் வழியையே பரிந்துரைப்பேன். காரணம், நீர் உள்ளே போகாத முக்குளிப்பானும் உண்டு. மூடியே இருக்கும் சின்ன தக்காளி சாஸ் பாக்கெட் ஒன்றை நீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கும் பாக்கெட் கிடைத்தால் (எல்லாம் மிதக்காது) பாட்டிலுக்குள் விட்டு அமுக்குங்கள். அதுவும் மூழ்கும். ஒரு சொட்டு நீர்கூட உள்ளே போகவில்லை, எடை இம்மியும் கூடவில்லை. உள்ளே அடைபட்ட காற்று சுருங்கியதில் பாக்கெட்டின் பருமன் குறைந்தது, அவ்வளவே. எடை கூடியது என்ற விளக்கத்துக்கு இங்கே இடமே இல்லை.

பாட்டிலை விளிம்புவரை நிரப்பித்தான் ஆக வேண்டுமா?

ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் மேலே காற்று அதிகம் இருந்தால் கை வலிக்கும். மேலே சொன்ன கணக்கில் அழுத்தம் கூட வேண்டியது 7 சதவீதத்துக்கும் குறைவு. அதற்கு, பாட்டிலின் மேற்பகுதியில் உள்ள காற்றும் ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்க வேண்டும். காற்று 50 மி.லி. என்றால் பாட்டிலின் கொள்ளளவை 3 மி.லி. குறைத்தால் போதும். 500 மி.லி. என்றால் 30 மி.லி.க்கு மேல் குறைக்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மூடி தளர்வாக இருந்தாலும் இதே தொல்லைதான்: அமுக்குவது கசிந்து போய்விடும்.

கையை எடுத்த பிறகும் அடியிலேயே தங்கிவிட்டது. ஏன்?

மிக நுணுக்கமாகச் சரிசெய்துவிட்டீர்கள்! இது தோல்வி இல்லை, நல்ல கேள்விக்கான வாசல்.

ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமும் கூடும். 25 செ.மீ. ஆழத்தில் ஏறத்தாழ 2.5 கிலோ பாஸ்கல் கூடுதல், அதாவது சுமார் 2.4 சதவீதம். நம் உதாரணத்தில் காற்று மேல்மட்டத்தில் 3.05 கன செ.மீ. மட்டுமே இருந்தால், அடியில் அது 2.98 ஆகிவிடும். கை எடுத்த பிறகும் அது 3-க்குக் கீழேதான். மேலே வர முடியாது. பாட்டிலைத் திறந்து, முக்குளிப்பானில் கொஞ்சம் காற்றைக் கூட்டுங்கள். பாட்டிலைப் படுக்கவைத்தாலும் சில சமயம் எழும்பும், ஏனென்றால் ஆழம் குறைகிறது. ஆனால் குழாயின் வாய் சாய்ந்து காற்று வெளியேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் நடுவில் அசையாமல் நிறுத்தவே முடியாதா?

கையால் விடாமல் திருத்திக்கொண்டே இருந்தால் முடியும். தானாக நிற்காது. ஏதோ ஓர் ஆழத்தில் எடையும் மிதப்பு விசையும் சமமாக இருக்கிறது என்று வையுங்கள். இம்மியளவு கீழே நகர்ந்தால் அங்கே அழுத்தம் அதிகம். காற்று சுருங்கும், இன்னும் கீழே போகும். இம்மியளவு மேலே போனால் காற்று விரியும், இன்னும் மேலே போகும். விரல் நுனியில் நிறுத்திய குச்சியைப் போன்ற நிலை இது. நடுவில் யார் அதிக நேரம் நிறுத்துகிறார்கள் என்று ஒரு போட்டி வையுங்கள். நிலையற்ற சமநிலையைப் பற்றிப் பேச அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

அமுக்கினால் மேலே வரும் முக்குளிப்பான் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் உருண்டைப் பாட்டிலில் அல்ல. ஷாம்பு பாட்டில் மாதிரித் தட்டையாக, குறுக்குவெட்டு நீள்வட்டமாக இருக்கும் ஒளி ஊடுருவும் பாட்டில் வேண்டும். முக்குளிப்பானை இந்த முறை மயிரிழையில் மூழ்கும்படி சரிசெய்து அடியில் கிடக்க விடுங்கள். பாட்டிலின் அகலப் பக்கங்களை அமுக்கினால் ஒன்றும் ஆகாது. குறுகிய பக்கங்களை இரு கைகளாலும் நெருக்கினால் பாட்டில் உருண்டை வடிவத்தை நோக்கிப் போகும். அதன் கொள்ளளவு கூடும், உள்ளே அழுத்தம் குறையும், காற்று விரியும், முக்குளிப்பான் எழும்பும்.

பாடத்தை முடித்த வகுப்பில்தான் இதைக் காட்ட வேண்டும். "அமுக்கினால் மூழ்கும்" என்று மனப்பாடம் செய்தவர் திகைப்பார். "அழுத்தம் கூடினால் காற்று சுருங்கும்" என்று புரிந்தவர், கொள்ளளவுக்கு என்ன ஆனது என்று பாட்டிலை உற்றுப் பார்ப்பார்.

நேற்று நன்றாக வேலை செய்தது, இன்று காலையில் அடியில் கிடக்கிறது.

இரவுக் குளிரில் காற்று சுருங்கியிருக்கும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் காற்றின் பருமன் 3 சதவீதத்துக்கு மேல் குறையும். மேலே பார்த்த கணக்கில் அது பெரிய அளவு. காற்றில் கொஞ்சம் நீரில் கரைந்தும் போயிருக்கலாம். இதற்கு நேர்மாறாக, குழாயில் பிடித்த புது நீரிலிருந்து சிறு குமிழிகள் பிரிந்து முக்குளிப்பானின் மேல் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு அமுக்கினாலும் மூழ்காமலும் போகலாம். நீரை முந்தைய நாளே பிடித்துத் திறந்து வையுங்கள், முக்குளிப்பானை வகுப்புக்குச் சற்று முன்பு சரிசெய்யுங்கள்.

எந்த வயதினருக்குச் செய்யலாம்?

8 வயதுப் பிள்ளைகள் செய்து பார்த்து, உள்ளே நீர்மட்டம் ஏறுவதைக் கண்டுபிடித்தால் போதும். விதிகளின் பெயர் வேண்டாம். 11, 12 வயதில் அடர்த்தி, இடம்பெயர்ந்த நீர் என்று பேசலாம். பாயில் விதியும் கணக்கும் 14 வயதுக்கு மேல்.

எந்த வயதானாலும் அமுக்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "குழாய்க்குள் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?" ஒவ்வொருவரும் தாளில் படம் வரைந்த பிறகுதான் பாட்டிலைக் கையில் கொடுங்கள். மேசைக்கு அடியில் ரகசியமாக அமுக்கி மந்திரம் காட்டும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கை மறைந்திருந்தால் மாணவர் தேடுவது தந்திரத்தை, காரணத்தை அல்ல.

மேல் வகுப்பில் அளவீடாகச் செய்ய வழி உண்டா?

ஸ்ட்ரா முக்குளிப்பானில் மி.மீ. கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். அமுக்குவதற்கு முன் காற்றுத்தம்பத்தின் நீளம் 60 மி.மீ., மூழ்கத் தொடங்கும் கணத்தில் 56 மி.மீ. என்றால் அழுத்தம் 60/56, அதாவது சுமார் 1.07 மடங்கு ஆகியிருக்கிறது. கைபேசியில் காணொளி எடுத்து நிறுத்திப் பார்த்தால் அளப்பது எளிது.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. பாட்டில் மூடியில் துளையிட்டு, நீளமான ஒளி ஊடுருவும் குழாயைக் கசிவில்லாமல் பொருத்தி, அதிலும் நீரை நிரப்புங்கள். குழாயின் மறுமுனையை மெல்ல உயர்த்துங்கள். பாட்டில் லேசாக உப்பினால் நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட உயரத்தில் முக்குளிப்பான் மூழ்கும். அந்த உயரத்தைச் செ.மீ.யில் அளந்தால் அழுத்தம் நேராகக் கிடைத்துவிடும், யாருடைய கை வலிமையும் கணக்கில் வராது.

நீர்மூழ்கிக் கப்பலும் மீனும் இப்படித்தான் வேலை செய்கின்றனவா?

கப்பல் இப்படி இல்லை. அதன் உடல் உறுதியானது, அழுத்தத்தால் சுருங்கி மூழ்குவதில்லை. தொட்டிகளில் நீரை விட்டு மூழ்குகிறது. அழுத்தி வைத்த காற்றைத் திறந்துவிட்டு அந்த நீரை வெளியேற்றி எழுகிறது. மேலே சொன்ன இரண்டாம் வழிக் கணக்குதான் அதற்குப் பொருந்தும்.

மீன் கொஞ்சம் நெருக்கமான உறவு. பல எலும்பு மீன்களுக்குக் காற்றுப்பை உண்டு. ஆழத்துக்குப் போனால் அது சுருங்கும். மீன் அதை அப்படியே விடாமல் பைக்குள் வாயுவைச் சேர்த்தும் நீக்கியும் ஈடுகட்டுகிறது. ஆழத்திலிருந்து தூண்டிலில் வேகமாக இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை உப்பிவிடுவதும் பாயில் விதிதான். சரியான ஒப்புமை மூச்சடக்கி நீந்தும் மனிதர்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகி நுரையீரல் காற்று பாதியாகிறது. அதற்கும் கீழே போகும்போது ஒரு கட்டத்தில் உடல் நீந்தாமலே மூழ்கத் தொடங்கிவிடும்.

சோடாவில் உலர்திராட்சை ஏறி இறங்குவதும் இதே சோதனைதானே?

இல்லை. அங்கே குமிழிகள் ஒட்டுவதால் திராட்சை எழும்புகிறது, மேலே அவை உடைவதால் இறங்குகிறது. வாயுவின் அளவே மாறுகிறது. இங்கே வாயு அதேதான், பருமன் மட்டும் மாறுகிறது.

பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட் கண்டுபிடித்ததா இது?

பெயரில் இருக்கிறார் (கார்ட்டீசியன் என்பது அவர் பெயரிலிருந்து வந்த சொல்), கண்டுபிடித்ததற்கு ஆதாரம் இல்லை. கலிலியோவின் வட்டத்தைச் சேர்ந்த ரஃபாயெல்லோ மஜியோத்தி 1648-இல் வெளியிட்ட சிறு நூலில்தான் இதன் முதல் விவரணை இருக்கிறது. நீர் அழுத்தத்துக்குச் சுருங்க மறுக்கிறது என்பதே அந்த நூலின் பொருள். பாயில் தன் விதியை வெளியிட்டது 1662-இல். ஆக, நாம் இன்று விளக்கத்துக்குப் பயன்படுத்தும் விதியைவிடப் பொம்மை மூத்தது.

மாணவர்களுக்கு உண்மையில் புரிந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரே கேள்வி போதும்: "இதே முக்குளிப்பானை, உள்ளே இதே அளவு காற்றோடு, உப்பு நீர் நிரம்பிய பாட்டிலில் விட்டால், மூழ்கடிக்க அதிகம் அமுக்க வேண்டுமா, குறைவாகவா?"

அதிகம் அமுக்க வேண்டும். கடல்நீர் அளவு உப்பு, அதாவது அடர்த்தி 1.025 என்றால், 5 கிராம் மிதக்க 4.88 கன செ.மீ. இடம்பெயர்த்தால் போதும். காற்று 2.88-க்குக் கீழே போனால்தான் மூழ்கும். தேவைப்படும் கூடுதல் அழுத்தம் 7-இலிருந்து ஏறக்குறைய 11 கிலோ பாஸ்கலுக்கு ஏறுகிறது. "அதிகம்" என்று மட்டும் சொல்பவரைவிட, "உப்பு நீர் கனமானது, அதனால் கொஞ்சம் நீரை இடம்பெயர்த்தாலே மிதந்துவிடும், காற்றை இன்னும் நெருக்க வேண்டும்" என்று சொல்பவருக்கே முழு மதிப்பெண் கொடுங்கள். "உப்பு காற்றை அழுத்தும்" என்று யாராவது எழுதினால் மெழுகுத் துண்டுச் சோதனைக்கே திரும்பிப் போய்த் தொடங்குவது நல்லது.